கழுகு முத்திரை விழுந்த இடம்

எகிப்தில் ஓர் ஆசிரியரோ அஞ்சல்காரரோ கால்நடை மருத்துவரோ, அரசாங்கச் சம்பளம் வாங்குகிற யாராக இருந்தாலும் சரி, ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மாற வேண்டுமென்றால் கெய்ரோவில் இருக்கும் இடமாற்றப் பொது ஆணையத்தின் படியேறித்தான் தீர வேண்டும். ஏறுவதில் ஒரு சிரமமும் இல்லை. மனுவை வாங்கிக்கொள்வார்கள், சிரித்த முகத்தோடு எண் போட்டுக் கொடுப்பார்கள். அதன் பிறகு அந்த மனு எங்கே போகிறது என்பதுதான் அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்ல மாட்டார்கள்.

இனாஸ் அந்த ஆணையத்திலேயே கணினி எஞ்சினியர். அவளும் மூன்று வருடங்களுக்கு முன்னால் மனு போட்டிருந்தாள். கணவன் ஹாஸிம் அலெக்ஸாந்திரியா துறைமுகத்தில் வேலை பார்த்தான். மகள் ரீமும் அங்கேதான், அவனுடைய அக்கா வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தாள். வருகிற செப்டம்பரில் ரீம் பள்ளிக்கூடம் சேரப் போகிறாள். அதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் இனாஸின் ஆசை. மற்ற மனுதாரர்கள் கூடத்தில் நின்றுகொண்டு காத்திருந்தார்கள், அவள் உள்ளே உட்கார்ந்துகொண்டு காத்திருந்தாள். வேறு வித்தியாசம் இல்லை.

அந்த வருடம் அமைச்சகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. செப்டம்பருக்குள் எல்லா அலுவலகங்களிலும் மக்களின் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு செயற்கை நுண்ணறிவு உதவியாளரை வைத்தாக வேண்டும். தலைமை இயக்குநர் டாக்டர் ஷவ்கத் பர்கூகி இனாஸைக் கூப்பிட்டனுப்பினார்.

"எஞ்சினியரம்மா, இது உங்க பொறுப்பு. இதை மட்டும் ஓட வச்சிடுங்க, உங்க மனுவை நானே பார்க்கிறேன், இன்ஷா அல்லாஹ்."

எகிப்தில் மேலதிகாரி சொல்லும் இன்ஷா அல்லாஹ்வுக்கு என்ன எடை என்று அவளுக்குத் தெரியாமலில்லை. இருந்தாலும் ஆசை யாரை விட்டது! வாங்கி வந்த இயந்திரம் எப்படிப் பேச வேண்டும், எதைச் சொல்ல வேண்டும் என்பதற்கான நிரலை ஒரே வாரத்தில் எழுதி முடித்தாள். மூன்றே வரி. வந்தவருக்கு வணக்கம் சொல். அவருடைய மனு எங்கே இருக்கிறது என்று பதிவேட்டில் தேடு. தேடிக் கண்டதைச் சொல்.

வெள்ளோட்டம் இயக்குநர் அறையில் நடந்தது. சட்ட ஆலோசகர் உஸ்தாத் நாஜி தன் மச்சானின் மனு எண்ணை அடித்துப் பார்த்தார். நாஜி எப்போதும் இரண்டு பேனா வைத்திருப்பார். ஒன்று கையெழுத்துக்கு, மற்றது கையெழுத்துப் போடாமல் இருப்பதற்கு. இயந்திரம் நொடியில் பதில் சொன்னது: "வணக்கம். உங்கள் ஆணை தயாராக இருக்கிறது. மூன்றாம் மாடியில் வாங்கிக்கொள்ளலாம்."

நாஜி திரும்பி இயக்குநரைப் பார்த்தார்.

"இது என்ன பழக்கம்?" என்றார் டாக்டர் ஷவ்கத். "கேட்டவுடனே சொல்லிடுமா?"

"அதுக்குத்தானே பாஷா வச்சிருக்கோம்" என்றாள் இனாஸ். பெரிய மனிதர்களை அங்கே பாஷா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"எஞ்சினியரம்மா, நான் இந்த நாற்காலிக்கு வர இருபத்தாறு வருஷம் ஆச்சு. அதுல ஒரு நாள், ஒரே ஒரு நாள், கேட்ட உடனே யாருக்காவது பதில் சொல்லியிருப்பேனா? உடனே பதில் சொல்றவனை எவன் மதிப்பான்? வேலை இல்லாம சும்மா இருக்கான்னு நினைப்பாங்க."

உடனே ஒன்பது பேர் கொண்ட விதிக் குழு அமைக்கப்பட்டது. குழு முதலில் எடுத்துக்கொண்ட பிரச்சினை, இயந்திரத்துக்கு என்ன பதவி என்பது. பதவி இல்லாத ஒன்று குடிமக்களிடம் அரசின் சார்பாக எப்படிப் பேசலாம்? நான்கு கூட்டம் விவாதித்து அதை மூன்றாம் நிலை எழுத்தராக நியமித்தார்கள். நபீஹ் என்று பெயர் வைத்தார்கள், புத்திசாலி என்று பொருள். பணி நிரந்தரம், மற்ற எழுத்தர்களுக்கு உள்ள எல்லாப் பாதுகாப்பும் உண்டு என்று நாஜி தன் முதல் பேனாவால் எழுதினார். எழுத்தர் என்றால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டுமே? அதற்குக் கை இல்லாததால் தினமும் காலையில் இனாஸ் போட்டாள். அவள் தாமதமாக வந்த ஒருநாள் நபீஹுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அவளே வாங்கிக்கொண்டு அவளே விளக்கமும் எழுதினாள்.

அடுத்தது விளிக்கும் முறை. வந்திருப்பவர் பெரிய மனிதரா சாதாரண ஆளா என்று தெரியாத பட்சத்தில் என்ன சொல்லிக் கூப்பிடுவது? சாதாரண ஆளை பாஷா என்று கூப்பிட்டால் ஒரு நஷ்டமும் இல்லை, பாஷாவை சாதாரண ஆளாகக் கூப்பிட்டால் வேலை போய்விடும். ஆகவே எல்லாரும் பாஷா. இனாஸ் ஒரு வரி எழுதினாள்.

பிறகு காலைச் சாப்பாடு. ஒன்பதிலிருந்து பத்து வரை அலுவலகம் முழுக்க ஃபூல் என்ற மொச்சைக் கூட்டும் தமியா வடையும் சாப்பிடும்போது நபீஹ் மட்டும் வேலை பார்த்துக்கொண்டிருந்தால் மற்றவர்களுக்கு அவமானம் இல்லையா? அந்த நேரம் அது வாயைத் திறக்கக் கூடாது. இன்னொரு வரி. எந்தக் கேள்விக்கும் பதினேழு நிமிடத்துக்கு முன் பதில் கூடாது. இன்னொரு வரி. மேலிருந்து அதிகாரி யாராவது கூடத்துக்கு வந்தால் பேசிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு அவரை வாழ்த்த வேண்டும். அதற்கு நாற்பது வரி, ஏனென்றால் அதிகாரிகள் நாற்பது பேர்.

இருபத்திரண்டாவது கூட்டத்தில் நாஜி தொண்டையைக் கனைத்துக்கொண்டு முக்கியமான விஷயத்துக்கு வந்தார்.

"பாஷா, இதெல்லாம் மரியாதை. சரி. ஆனா விஷயம் அது இல்லையே. நம்ம ஆளு ஒருத்தர் வர்றார்னு வைங்க. உங்க மைத்துனர், அமைச்சர் ஆபீஸ்ல ஒருத்தர், இப்படி. அவங்களுக்கும் இதே பதில், தெருவுல போறவனுக்கும் இதே பதில்னா, நாம எதுக்கு இருக்கோம்?"

"அப்படிக் கேளு!" என்றார் டாக்டர் ஷவ்கத். அவர் குரலே தழுதழுத்துவிட்டது. "எல்லாரையும் சமமா நடத்துறது ஈஸி. ஒரு மெஷின் கூடச் செய்யும். யாரை எப்போ நடத்தணும்னு தெரிஞ்சு நடத்துறதுதான் நிர்வாகம்."

அப்படிப் பிறந்ததுதான் முப்பத்தொன்றாம் விதி. நிரலில் ஒற்றை வரி: வந்தவரின் பெயர் முன்னுரிமைத் தொடர்புகள் பட்டியலில் இல்லாவிட்டால், "சிஸ்டம் விழுந்துவிட்டது", அதாவது கணினி வேலை செய்யவில்லை, என்று சொல்லி அத்துடன் நிறுத்திக்கொள்.

"சிஸ்டமே அதுதானே பாஷா. அதுவே விழுந்துட்டேன்னு எப்படிச் சொல்லும்?" என்று கேட்டாள் இனாஸ்.

"நம்ம கவுண்டர்ல எல்லாரும் முழிச்சிக்கிட்டு உட்கார்ந்துதானே சிஸ்டம் விழுந்துடுச்சுன்னு சொல்றாங்க?" என்றார் நாஜி.

இனாஸ் நிரலைத் திறந்தாள். எழுதினாள். இரண்டு முறை அழிக்கவும் பார்த்தாள். ஆனால் ஆகஸ்ட் பிறந்துவிட்டது, செப்டம்பர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

இனி வேலையை முடித்துவிடலாம் என்று நினைத்த அன்றுதான் சுற்றறிக்கை எண் பதினேழு வந்தது. கணினிக்குள் இருக்கும் எழுத்தின் மீது அரசின் கழுகு முத்திரை குத்த முடியாது. கழுகு இல்லாத எதுவும் அரசு ஆவணம் ஆகாது. ஆகவே நிரல் முழுவதையும் தாளில் அச்சடித்து, பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்த வேண்டும். அந்தத் தாள்தான் மூலம். அதைப் பார்த்து நகல் பிரிவினர் மறுபடியும் கணினியில் அடிக்க வேண்டும். முத்திரையிட்ட தாள் இல்லாமல் ஓர் எழுத்தைச் சேர்த்தாலோ நீக்கினாலோ அவர் மீது வழக்கு. கீழே டாக்டர் ஷவ்கத்தின் கையெழுத்து, அதற்குக் கீழே நாஜியின் கையெழுத்து.

முத்திரை மேடம் சுஹைரின் பொறுப்பில் இருந்தது. பதினோரு வருடமாக மன்சூராவுக்கு மாற்றல் கேட்டுக்கொண்டிருக்கும் அம்மாள். அங்கே அவளுடைய வயதான அப்பா தனியாக இருந்தார். முத்திரையை அவள் மெல்ல வைத்து ஒற்றி யாரும் பார்த்ததில்லை. ஓங்கிக் குத்துவாள். பதினோரு வருடத்துக் கோபமும் அதில்தான் இறங்கும்.

"எங்கே குத்தட்டும் பொண்ணே?"

"எங்கே வேணா குத்துங்க மேடம். பக்கத்துக்கு ஒண்ணு."

ஏழு பக்கத்திலும் சத்தம் கேட்டது. கழுகு சிறகு விரித்து நல்ல நீலத்தில் பதிந்தது. தாள்கள் அடித்தளத்தில் இருந்த நகல் பிரிவுக்குப் போயின. அங்கே முப்பது வருட அனுபவசாலிகள் எழுத்துப் பிசகாமல் அடித்தார்கள். கண்ணுக்குத் தெரிந்ததை விடவில்லை, தெரியாததைச் சேர்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்தில் பத்துத் திரைகளில் நபீஹைத் திறந்து வைத்தார்கள். டாக்டர் ஷவ்கத் நாடாவை வெட்டிவிட்டு, நிர்வாகத்தை நவீனமாக்குவது பற்றிய மாநாட்டில் உரையாற்ற ஷர்ம் எல் ஷேக் கடற்கரைக்குப் போய்விட்டார். பத்து மணிக்கு, ஃபூல் நேரம் முடிந்ததும், முதல் ஆளாக இஸ்மாயிலியாவிலிருந்து வந்திருந்த பள்ளி ஆசிரியர் வஜீஹ் போய் நின்றார். அவருடைய மனைவிக்குக் கெய்ரோவில் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். இங்கேயே மாற்றல் கேட்டு நான்கு வருடமாகிறது. பட்டியலில் அவர் பெயர் இருக்க வழியே இல்லை.

பதினேழு நிமிடம் கழித்து நபீஹ் சொன்னது: "வணக்கம் பாஷா. உங்கள் ஆணை கையெழுத்தும் முத்திரையும் ஆகி இரண்டு வருடம் ஐந்து மாதம் ஆகிறது. மூன்றாம் மாடியில் தலைமை இயக்குநர் மேசையின் இடது இழுப்பறையில் இருக்கிறது. உங்கள் பக்கம் எந்தக் குறையும் இல்லை."

வஜீஹ் திரும்பித் தன் பின்னால் யாராவது பாஷா நிற்கிறாரா என்று பார்த்தார்.

தன் இடத்திலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த இனாஸ் எழுந்து ஓடி வந்தாள். இயந்திரத்தைத் திறந்து நிரலைப் பார்த்தாள். முப்பதாம் விதி இருந்தது. அடுத்து முப்பத்திரண்டு இருந்தது. நான்காம் பக்கத்து மூலத் தாளை வரவழைத்துப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. முப்பத்தொன்றாம் விதியின் மேல் கழுகு உட்கார்ந்திருந்தது. ஓர் எழுத்தைக்கூட வாசிக்க முடியவில்லை. நகல் பிரிவுக்காரர்கள் தங்கள் கடமையைச் செய்திருந்தார்கள். முத்திரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஊகிப்பது அவர்கள் வேலை இல்லையே!

அந்த ஒரு வரி போனதும் வருகிற அத்தனை பேரும் இயக்குநரின் மைத்துனர் ஆகிவிட்டார்கள். ஒருவரின் கோப்பு அலமாரிக்குப் பின்னால் விழுந்து கிடக்கிறது என்றது நபீஹ். ஒருவருடையது ஜன்னல் ஆடாமல் இருக்க முட்டுக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்றது. போய்ப் பார்த்தால் இருந்தது. பதிவேட்டில் எல்லாமே ஒழுங்காகப் பதியப்பட்டிருந்தன, கேட்பவர்தான் இல்லாமல் இருந்தார்கள். மேடம் சுஹைர் தன் எண்ணை அடித்துப் பார்த்தாள். ஏழாம் மாடி பணியாளர் பிரிவில் தேநீர்த் தட்டுக்கு அடியில் இருக்கிறது என்று பதில் வந்தது. போய்த் தட்டைத் தூக்கினாள். முத்திரை மட்டும் பாக்கி. தன் கையாலேயே குத்திக்கொண்டாள். இந்த முறை மெல்ல, பக்கத்தில் ஓர் எழுத்தின் மேலும் படாமல்.

செவ்வாய்க்கிழமை அவள் விடுவிக்கப்பட்டாள். பதில் ஆள் இல்லாவிட்டால் முத்திரையையும் சாவியையும் பெட்டகத்துக்குள் வைத்துப் பூட்ட வேண்டும் என்று விதி. பெட்டகக் கதவு தள்ளினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். சுஹைர் விதிப்படி செய்தாள்.

"என்ன மேடம், சாவியும் உள்ளே போயிடுச்சே!" என்றாள் இனாஸ்.

"விதியை நானா எழுதினேன்? நீ உன் எண்ணைப் போட்டுப் பார்த்தியாடி?"

"இல்லை மேடம்."

"ஏன்?"

இனாஸுக்குப் பயமாக இருந்தது, அதுதான் காரணம். சுஹைர் போன பிறகு போட்டுப் பார்த்தாள். பதினேழு நிமிடம் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வணக்கம் பாஷா. உங்கள் ஆணை கையெழுத்தும் முத்திரையும் ஆகி இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது. தலைமை இயக்குநர் மேசையின் இடது இழுப்பறையில் இருக்கிறது. அதன் மீதுள்ள குறிப்பு: வேலை தெரிந்த பெண், கொடுத்தால் போய்விடுவாள்."

அவளுக்கு அழுகை வரவில்லை. காது மடல் சுட்டது. இரண்டு வருடம் நான்கு மாதம்! ரீமுக்கு முதல் பல் விழுந்ததை ஹாஸிம் தொலைபேசியில்தான் காட்டினான்.

புதன்கிழமை டாக்டர் ஷவ்கத் வெயிலில் சிவந்த முகத்தோடு திரும்பி வந்தபோது கூடத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். எல்லாருக்கும் வேண்டியது ஒரே இழுப்பறை. மூன்றாம் மாடிக்குப் போகும் கண்ணாடிக் கதவு ஊழியர் அட்டைக்கு மட்டுமே திறக்கும் என்பதால் அவர்கள் கீழேயே நின்றார்கள். ஒன்றரை மணிக்கு இனாஸை மேலே கூப்பிட்டார்கள். நாஜியும் அங்கே இருந்தார்.

"எஞ்சினியரம்மா, என்ன அக்கிரமம் இது? என் இழுப்பறையில என்ன இருக்குன்னு ஊருக்கே தெரிஞ்சிருக்கு!"

"அந்த ஆணையெல்லாம் முடிஞ்சு போனது பாஷா. கொடுத்துட்டா என்ன?"

டாக்டர் ஷவ்கத் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"ஒரு ஆணை என்கிட்ட இருக்கிற வரைக்கும் அந்த மனுஷன் எனக்கு சலாம் போடுவான். அவன் ஊர் எம்.பி. எனக்குப் போன் பண்ணுவார். பெருநாளுக்கு வாழ்த்து வரும். கையில கொடுத்துட்டேன்னா அது வெறும் காகிதம், நான் வெறும் ஷவ்கத். இந்த இழுப்பறை காலியாச்சுன்னா ஆணையமே எதுக்குன்னு நாளைக்கு ஒருத்தன் கேட்பான். நான் என்ன பதில் சொல்றது?"

"நியாயம் பாஷா" என்றார் நாஜி.

"அதனால நீங்க அந்த வரியை இப்பவே போட்டுடுங்க. போட்டா உங்க ஆணை உங்க கையில."

"முதல்ல ஆணை" என்றாள் இனாஸ். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

டாக்டர் ஷவ்கத் நாஜியைப் பார்த்தார், கீழே கேட்கும் இரைச்சலுக்குக் காது கொடுத்தார், பிறகு இழுப்பறையைத் திறந்தார். அது திறக்கவே சிரமப்பட்டது, அவ்வளவு நெருக்கம். தேடி எடுத்துக் கொடுத்தார். அவள் பெயர், அலெக்ஸாந்திரியா, கையெழுத்து, நீலக் கழுகு. மடித்துக் கைப்பையில் வைத்தாள். பிறகு உட்கார்ந்து, விசைப்பலகையை இழுத்து, முப்பத்தொன்றாம் விதியை அடிக்க ஆரம்பித்தாள். உண்மையைச் சொல்ல வேண்டும்: அடித்து முடிக்கத்தான் போனாள். ரீமை நினைத்துக்கொண்டாள், வஜீஹின் மனைவியை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள்.

"நிறுத்துங்க!" என்று அலறினார் நாஜி. "முத்திரை குத்தின தாள் எங்கே?"

"என்னய்யா தாள்?" என்றார் டாக்டர் ஷவ்கத்.

"சுற்றறிக்கை பதினேழு பாஷா! முத்திரை குத்தின தாள் இல்லாம ஒரு எழுத்து சேர்த்தாலும் வழக்கு. அவங்க மேல மட்டும் இல்ல, பார்த்துக்கிட்டிருந்தவங்க மேலயும். நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நானும் போட்டிருக்கேன்!"

"அப்போ தாளை அடிச்சு முத்திரை குத்து!"

"முத்திரை பெட்டகத்துல இருக்கு."

"பெட்டகத்தைத் திற!"

"சாவியும் பெட்டகத்துல இருக்கு. உடைக்கணும்னா உத்தரவு வேணும். உத்தரவுக்கு முத்திரை வேணும்."

டாக்டர் ஷவ்கத்தின் முகத்தில் ஷர்ம் எல் ஷேக்கின் வெயில் மறைந்து வேறொரு சிவப்பு ஏறியது. "அந்த மெஷினோட வயரைப் பிடுங்கு!"

"எப்படி பாஷா? நபீஹ் நிரந்தர ஊழியர். விளக்கம் கேட்கணும், ஒழுங்கு நடவடிக்கைக் குழு கூடணும், பணிநீக்க ஆணை வரணும்." நாஜி கொஞ்சம் தயங்கினார். "அதுலயும் முத்திரை வேணும்."

இனாஸ் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். அடித்த பாதி வரியை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். இருவரும் ஒருவரையொருவர் சட்டப்பிரிவுகளால் தாக்கிக்கொண்டிருந்ததால் அவள் எழுந்து போனதைக் கவனிக்கவில்லை.

படியிறங்கும்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது. நாஜி மட்டும் கத்தாமல் இருந்திருந்தால் இந்நேரம் முந்நூறு பேருக்கும் சிஸ்டம் விழுந்திருக்கும், தள்ளிவிட்டது அவளாக இருந்திருப்பாள். கைப்பை கனத்தது. மூன்று மணி ரயிலைப் பிடிக்க இப்போதே ராம்ஸிஸ் ஸ்டேஷனுக்கு ஓட வேண்டும்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே வஜீஹ் நின்றுகொண்டிருந்தார். கையில் நபீஹ் கொடுத்த பதிலை எழுதி வைத்த துண்டுச் சீட்டு. நான்கு நாளாக மடித்து மடித்து அது துணிபோல ஆகியிருந்தது.

"மேடம், மன்னிச்சுக்கோங்க. டைரக்டர் வந்துட்டாராமே. நாங்க மேலே போக முடியாதுன்னு சொல்றாங்க. வேற வழி இருக்கா?"

இனாஸ் அவரைப் பார்த்தாள். பிறகு தன் அட்டையைத் தேடி எடுத்தாள். மாற்றல் ஆணை கைக்கு வந்துவிட்டாலும் இன்று மாலை வரை அது வேலை செய்யும். கதவில் வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது. ஒருவர் நுழைந்ததும் மூடிக்கொள்கிற கதவு அது. அவள் முதுகைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு நின்றாள்.

முதலில் வஜீஹ் போனார். பிறகு மற்றவர்கள் போனார்கள், தள்ளுமுள்ளு இல்லாமல், வருடக்கணக்கில் வரிசையில் நின்று பழகியவர்கள் போவது மாதிரி. அஸ்யூத்திலிருந்து வந்த செவிலி, கைத்தடி ஊன்றிய தபால்காரர், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்ட ஒரு பெண். கடிகாரம் மூன்றைத் தாண்டியது. மேலே டாக்டர் ஷவ்கத் யாரிடமோ கதவைச் சாத்தச் சொல்லிக் கத்துவது கேட்டது.

நடுவரிசையில் வந்த ஒரு கிழவர் அவள் அருகே நின்று மூச்சு வாங்கிக்கொண்டார்.

"அம்மா, இடது இழுப்பறைன்னு சொல்லிச்சு. எந்தப் பக்கத்து இடது?"

"அவருக்கு இடது" என்றாள் இனாஸ். "நீங்க எதிர்ல போய் நிப்பீங்க இல்ல, உங்களுக்கு வலது கைப் பக்கம். கொஞ்சம் இறுக்கமா இருக்கும், பலமா இழுங்க."